மையம் பார்க்கும் வேலைக்குக் கூலி உண்டா?

நம் சங்க இதழில் கதை வருகிறது, கவிதை வருகிறது, கோயில் தரிசனமும் சமையல் குறிப்பும் வருகின்றன. எல்லாம் வேண்டியவைதான். ஆனால் நம்மில் எத்தனையோ குடும்பங்களைப் புனேவுக்கு அழைத்து வந்து, இங்கே அடுப்பெரிய வைத்த தொழிலைப் பற்றி இதில் யாரும் எழுதி நான் படித்ததில்லை. டர்னர், ஃபிட்டர், வெல்டர் என்று பெட்டியும் படுக்கையுமாக வந்து இறங்கியவர்கள் நம்மில் கொஞ்சமா? அவர்களில் ஒருவன் என்ற உரிமையில், எண்ணெய் வாடை அடிக்கும் ஒரு விஷயத்தை இந்த முறை எடுத்துக்கொள்கிறேன். தாய்மார்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இது உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் கையையும் கூலியையும் பற்றியது.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். லேத் வேலையில் பாதிக்கு மேல், வெட்டுவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. அந்தப் பாதிக்கு யாரும் கூலி தருவதில்லை. அதனால் யாரும் அதைச் சொல்லித் தருவதும் இல்லை. இதை நாம் மாற்றியாக வேண்டும்.

லோஹேகாவ் என்றால் பலருக்கு விமான நிலையம்தான் நினைவுக்கு வரும். 1939-இல் ஆங்கிலேயர் காலத்தில் அமைந்த விமானப்படைத் தளம் இது. சுகோய்-30 போர் விமானங்கள் 1997-இல் முதன்முதலாக இந்தத் தளத்துக்குத்தான் வந்து சேர்ந்தன. 2017-இல் ஊரின் மீதிப் பகுதியும் புனே மாநகராட்சியோடு சேர்ந்தது. இப்போது அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. ஆனாலும் உள்சாலைகளில் நடந்து பார்த்தால் தகரக் கூரை போட்ட சின்னச் சின்னப் பட்டறைகள் இன்னும் இருக்கின்றன. ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், ஒரு பவர் ஹாக்ஸா, வாசலில் ஒரு டெம்போ. அப்படி ஒன்றுதான் என்னுடையதும். 1987-இல் கோவை கணபதியிலிருந்து வந்து, ஒரு கம்பெனியில் பதினாறு வருஷம் டர்னராக இருந்துவிட்டு, பிறகு இரண்டு லேத் போட்டு உட்கார்ந்தவன் நான். எங்களுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஷாஃப்ட்தான். பம்பு ஷாஃப்ட், கன்வேயர் ரோலர் ஷாஃப்ட், கியர் பெட்டி ஷாஃப்ட். பெரும்பாலும் ஒன்று, இரண்டு என்று வரும் பழுது வேலை.

நம் மொழியில் இந்தத் தொழிலுக்கு நல்ல பெயர் இருக்கிறது: கடைசல். கட்டில் கால் கடைந்த ஆசாரி காலத்திலிருந்து வரும் சொல். ஆனால் அந்தச் சொல்லே ஒரு மயக்கத்தையும் தருகிறது. கடைவதுதான் வேலை, சுருள் சுருளாக இரும்பு பறப்பதுதான் திறமை என்று பார்ப்பவர் நினைக்கிறார்கள். தொழில் தெரிந்தவனிடம் கேட்டால், "சுருள் பறக்கும்போது என் வேலை முடிந்துவிட்டது, இனி மெஷின் வேலை" என்பான்.

ஒரு ரஃப் ஷாஃப்ட் எப்படி வருகிறது என்று பார்ப்போம். ஆலையில் பழுக்கக் காய்ச்சி உருட்டிய இரும்புக் கம்பியை நாங்கள் பிளாக் பார் என்போம். மேலே கறுப்பாக, கெட்டியாக ஒரு தோல் இருக்கும். பார்த்தால் உருண்டை, டயல் வைத்து அளந்தால் உருண்டை இல்லை. பார்த்தால் நேர், உருட்டிப் பார்த்தால் நேர் இல்லை. லாரியில் ஏற்றி இறக்கியதிலேயே கொஞ்சம் வளைந்திருக்கும். ஹாக்ஸாவில் அறுத்த முகம் சரிவாக இருக்கும். இந்த மூன்று கோணலுக்குள் நேரான ஒரு கோடு எங்கே ஓடுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். அதுதான் செட்டிங்.

வெளியே தெரியும் வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. கணக்காகவே சொல்கிறேன். முடிந்த பிறகு 50 மில்லிமீட்டர் இருக்க வேண்டிய ஷாஃப்டுக்கு 55 மில்லிமீட்டர் கம்பி வருகிறது என்று வையுங்கள். சுற்றிலும் பக்கத்துக்கு இரண்டரை மில்லிமீட்டர் கழிக்க இடம் உண்டு. கம்பி நடுவில் 3 மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது. இரண்டு முனைகளிலும் வட்டத்தின் நடுவில் புள்ளி வைத்துக் கடைந்தால், நடுப்பகுதியில் ஒரு பக்கம் கறுப்புத் தோல் அப்படியே நிற்கும், அளவு கிடைக்காது. கம்பி கழிவுக்குப் போகும். அதே கம்பியில், இரு முனைகளிலும் புள்ளியை வளைவு இருக்கும் பக்கமாக ஒன்றரை மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் என்ன ஆகும்? முனையில் ஒன்றரை இந்தப் பக்கம், நடுவில் ஒன்றரை அந்தப் பக்கம். எங்கே பார்த்தாலும் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் கழிக்க மிச்சம் இருக்கும். கம்பி பிழைத்துக்கொண்டது! ஒரு ரூபாய் செலவில்லை. பார்க்கத் தெரிந்த கண்ணும் பத்து நிமிஷப் பொறுமையும்தான் செலவு.

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சாதாரணமானவை. இரண்டு வி பிளாக், ஒரு சாக்குக்கட்டி, ஒரு பஞ்ச், ஒரு சுத்தி, ஒரு டயல். கம்பியை வி பிளாக்கில் வைத்துக் கையால் உருட்டு. மேடு வரும் இடத்தில் சாக்குக்கட்டி படட்டும். இரு முனையிலும் புள்ளி குத்து. லேத்தின் இரண்டு சென்டருக்கும் நடுவே லேசாகப் பிடித்துக் கையால் சுற்றிப் பார். சரியில்லை என்றால் பஞ்ச்சைச் சாய்த்துத் தட்டிப் புள்ளியை நகர்த்து. திருப்தியான பிறகே சென்டர் டிரில் போடு. 60 டிகிரிக் குழி, அளவான ஆழம். ஆழம் குறைந்தால் பிடிப்பு இல்லை. கூடினால் சென்டரின் கூம்பு சரியாக உட்காராமல் குழியின் விளிம்பில் மட்டும் படும். அந்தச் சின்னக் குழிதான் அந்த ஷாஃப்டுக்கு ஆயுள் முழுக்க ஆதாரம். நாளைக்கு கிரைண்டிங் போனாலும், பத்து வருஷம் கழித்துப் பழுது பார்க்க வந்தாலும், அந்தக் குழியில் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று நம் பெரியவர்கள் சொன்னது லேத்துக்கு அப்படியே பொருந்தும்.

பிறகும் வேலை இருக்கிறது. டெயில் ஸ்டாக் நேராக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு முனையில் 50.00, மறு முனையில் 50.10 என்று வந்தால் டெயில் ஸ்டாக்கை அதில் பாதி, அதாவது 0.05 நகர்த்த வேண்டும். முதல் வெட்டு கறுப்புத் தோலுக்கு அடியில் போக வேண்டும். தோலின் மேலேயே உரசிக்கொண்டு போனால் டூலின் முனை மழுங்கிவிடும். நீளமான ஷாஃப்டாக இருந்தால் நடுவில் ஸ்டெடி கொடுத்துத் தாங்க வேண்டும். ஆனால் கரடுமுரடான தோலின் மேல் ஸ்டெடி ஓடாது. முதலில் அந்த இடத்தில் ஒரு பட்டை கடைந்துகொள்ள வேண்டும், அல்லது சுற்றிலும் திருகு வைத்த ஒரு வளையத்தை மாட்டி அதன் மேல் ஓட்ட வேண்டும். இதில் சோம்பல் கூடாது. இரு முனையிலும் தாங்கிய கம்பியின் நீளம் இரண்டு மடங்கானால், அதே வெட்டுக்கு அது எட்டு மடங்கு வளைந்து கொடுக்கும். நடுவில் பருத்து, முனையில் மெலிந்து, உருளை பீப்பாய் ஆகிவிடும்.

சூடும் ஒரு கணக்குத்தான். ஒரு மீட்டர் ஷாஃப்ட் வெட்டும்போது 50 டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் நீளும். இரண்டு சென்டருக்கு நடுவே அது எங்கே போகும்? வளையும், இல்லையென்றால் டெட் சென்டர் கருகிவிடும். ஆகவே நடுநடுவே டெயில் ஸ்டாக்கைத் தளர்த்தித் திரும்பப் பிடிக்க வேண்டும். எல்லா இடத்தையும் முதலில் ரஃப்பாகக் கடைந்து, ஆற விட்டு, பிறகுதான் ஃபினிஷ் அளவுக்கு வர வேண்டும்.

இத்தனைக்கும் எவ்வளவு நேரம்? என் பட்டறையில் ஒரு மீட்டர் நீள ரஃப் ஷாஃப்டுக்கு நிதானமாகப் பார்த்தால் அரைமணி. இனி கூலிக்கு வருவோம். எங்களிடம் வேலை கொடுப்பவர்கள் பில்லில் என்ன எழுதச் சொல்கிறார்கள்? பீஸுக்கு இவ்வளவு, அல்லது மெஷின் ஓடிய மணிக்கு இவ்வளவு. இந்த அரைமணி எதிலும் வராது. "மெஷின் நின்றுகொண்டுதானே இருந்தது, எதற்குக் காசு?" என்று என் முகத்துக்கு நேராகக் கேட்டவர்கள் உண்டு. மருத்துவர் நாடி பிடித்துப் பார்க்கும் நேரத்துக்குக் காசு இல்லை, ஊசி குத்தும் நேரத்துக்கு மட்டும்தான் காசு என்று யாராவது சொல்வோமா?

கூலி இல்லாத வேலையை மனிதன் சுருக்குவான். இது குற்றமல்ல, இயல்பு. பீஸ் கணக்கில் வேலை செய்யும் பையன் உருட்டிப் பார்க்க மாட்டான். கம்பியைச் சக்கில் கடித்து, மறு முனையில் கண்ணால் பார்த்து சென்டரைத் திணித்து, மெஷினை ஓட விடுவான். பத்தில் ஏழு தப்பிக்கும். மூன்று கழிவுக்குப் போகும். அந்த மூன்றின் விலையை அவன் கூலியிலேயே பிடித்தால், அடுத்த முறை இன்னும் வேகமாக ஓட்டுவான்.

கழிவு போனால் இரும்புதான் போகிறது. சில சமயம் கை போகிறது. நீளமான கம்பியை அறுக்காமல் அப்படியே சக்குக்குள் விட்டால், ஹெட் ஸ்டாக்குக்குப் பின்னால் அது நீட்டிக்கொண்டு நிற்கும். வேகம் கூடும்போது அந்த நீட்டம் திடீரென்று வளைந்து, சாட்டைபோல் சுழன்று அடிக்கும். இந்தச் சுற்று வட்டாரத்து ஷெட் ஒன்றில் அப்படி அடிபட்டு முழங்கை போன பையனை நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். யார், எங்கே என்பது வேண்டாம். விழுப்புரம் பக்கம் ஊர், வயது பத்தொன்பது. "அறுத்துப் பிடித்தால் நேரமாகும் அண்ணா" என்று மட்டும்தான் சொன்னான்.

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாததல்ல. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 21-ஆம் பிரிவில், லேத்தின் ஹெட் ஸ்டாக்குக்கு வெளியே நீட்டி நிற்கும் கம்பிக்குக் கட்டாயம் தடுப்பு வைக்க வேண்டும் என்று பெயர் சொல்லியே எழுதி வைத்தது. சட்டம் எழுதியவர்கள் எத்தனை முழங்கைகளைப் பார்த்துவிட்டு அந்த வரியை எழுதினார்களோ! ஆனால் மின்சாரம் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலை என்று ஏற்றுக்கொண்டது. 2020-இல் இயற்றப்பட்ட புதிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கியது. மூன்று பேர் வேலை செய்யும் தகர ஷெட் இரண்டுக்கும் வெளியேதான். சட்டம் எட்டாத இடத்தில் காப்பாற்றுவது பழக்கம் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தின் பெயர்தான் செட்டிங்.

பெரிய ஆலைகள் இந்த வேலையை எப்படி மதிக்கின்றன என்று பாருங்கள். லோஹேகாவிலிருந்து ஆற்றைத் தாண்டினால் முண்ட்வா. 1961-இல் தொடங்கிய பாரத் ஃபோர்ஜ் அங்கேதான் இருக்கிறது. வண்டி எஞ்சின்களுக்கான கிராங்க் ஷாஃப்டுகளை அடித்து உருவாக்குவதில் உலகப் பெயர் பெற்றது. கிராங்க் ஷாஃப்டைக் கடையும் தொழிற்சாலைகளில், மையம் பார்ப்பதற்கென்றே தனி மெஷின் வைப்பது வழக்கம். அடித்து வந்த ஷாஃப்டைச் சுழற்றி, அதன் எடை எந்தக் கோட்டைச் சுற்றிச் சமமாக இருக்கிறது என்று கண்டு, அங்கே குழி போடும் மெஷின். மையம் தப்பினால் பிறகு எஞ்சின் உதறும், சமன் செய்ய நிறைய இரும்பைக் குடைந்தெடுக்க வேண்டும் என்பதால் முதலிலேயே அவ்வளவு பணம் போடுகிறார்கள். அங்கே விலை உயர்ந்த மெஷின் செய்யும் வேலையை இங்கே ஒரு பையன் சாக்குக்கட்டியும் கண்ணும் வைத்துச் செய்கிறான். அவனுக்கு அரைமணிக் கூலி தர மனமில்லை என்றால் எப்படி?

"எல்லாம் சி.என்.சி. வந்துவிட்டதே, இனி எதற்கு இந்தப் பழைய வித்தை?" என்று என் வீட்டிலேயே கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆயிரம் பீஸ் ஒரே மாதிரி வேண்டுமென்றால் சி.என்.சி.க்கு ஈடில்லை. ஆனால் சி.என்.சி. லேத்தும் தான் பிடித்திருக்கும் கம்பியின் வளைவை அறியாது. கொடுத்த எண்படி வெட்டும், அவ்வளவுதான். கம்பியை எப்படிப் பிடிப்பது, எங்கே தாங்குவது, எவ்வளவு நீட்டுவது என்று முடிவு செய்பவன் மனிதன். பட்டன் தட்டுபவனை ஆபரேட்டர் என்கிறார்கள். இந்த முடிவுகளை எடுப்பவனை செட்டர் என்கிறார்கள். சம்பளத்தில் யார் மேலே என்று எந்தக் கம்பெனியிலும் விசாரித்துப் பாருங்கள். அதுவுமில்லாமல், ராத்திரி பத்து மணிக்கு ஓர் ஆலையின் பம்பு ஷாஃப்ட் முறிந்தால், அந்த ஒற்றை ஷாஃப்டுக்கு அவர்கள் தேடி வருவது எங்களைப் போன்ற ஷெட்டைத்தான்.

நம் பிள்ளைகள் கராடியிலும் ஹிஞ்சவடியிலும் கணினி முன்னால் உட்கார்ந்து நன்றாகச் சம்பாதிக்கிறார்கள். மகிழ்ச்சி. அந்தப் படிப்புக்குப் பணம் கட்டியது பல வீடுகளில் லேத்தும் வெல்டிங்கும்தான் என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறப்பதில்லை. பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு, டெலிவரி பையோடு சுற்றும் நம் பையன்களைத் தெருவில் பார்க்கிறேன். "ஐ.டி.ஐ.யில் சேர்த்துவிடுங்களேன்" என்றால், "டர்னர் வேலைக்கா? அவங்க அப்பா பட்ட பாடு போதாதா?" என்று பெற்றவர்கள் முகம் சுளிக்கிறார்கள். அப்பா பட்ட பாடு வேலையால் வந்தது அல்ல. வேலைக்கு உரிய விலை கிடைக்காததால் வந்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஆகவே சில வேண்டுகோள்களை முன்வைக்கிறேன்.

பட்டறை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு: பில்லில் 'செட்டிங்' என்று தனி வரி எழுதுங்கள். முதலில் பேரம் பேசுவார்கள். நான் எழுத ஆரம்பித்தபோது இரண்டு வாடிக்கையாளர் போனார்கள். ஒருவர் நாலு மாதத்தில் திரும்பி வந்தார், போன இடத்தில் ஷாஃப்ட் ஆடுகிறது என்று. உங்களிடம் வேலை செய்யும் பையனுக்கும் அந்த வரியில் பங்கு கொடுங்கள். கூலி வரும் வேலையை அவன் கற்றுக்கொள்வான்.

கம்பெனிகளில் கொள்முதல், தரக் கட்டுப்பாடு என்று நல்ல பதவியில் இருக்கும் நம்மவர்களுக்கு: ஒரு ஷாஃப்டுக்கு விலை கேட்கும்போது எந்த அளவுக் கம்பி தருகிறீர்கள், சென்டர் குழி கடைசி வரை இருக்கலாமா, கூடாதா என்பதை முதலிலேயே எழுதிக் கொடுங்கள். 50-க்கு 52 மில்லிமீட்டர் பிளாக் பார் கொடுத்துவிட்டு, "கறுப்பு நிற்கிறதே" என்று திருப்பி அனுப்பாதீர்கள். மிச்சம் பிடித்த அந்த இரும்பின் விலையை எங்கோ ஒரு தொழிலாளி கட்டுகிறான்.

பெற்றோர்களுக்கு: ஔந்தில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. டர்னர் படிப்பு இரண்டு வருஷம்; பத்தாம் வகுப்புத் தேறியிருந்தால் போதும். 1961-ஆம் ஆண்டின் அப்ரென்டிஸ் சட்டப்படி பிறகு கம்பெனியில் உதவித்தொகையோடு பயிற்சியும் பெறலாம். பெண் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மையம் பார்ப்பதற்குப் புஜபலம் வேண்டாம். பொறுமையும் கூர்ந்த பார்வையும் வேண்டும். கோலப் புள்ளி வைக்கும் கைக்கு அது புதிதுமல்ல.

கடைசியாக, நம் சங்கத்துக்கு: தேஹு ரோட்டிலும் கட்கியிலும் பிம்ப்ரியிலும் ஓய்வுபெற்ற டர்னர்கள் எத்தனையோ பேர் திண்ணையில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கைக்குத் தெரிந்தது எந்தப் புத்தகத்திலும் முழுதாக இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு, இரண்டு மணி நேரம், சங்கக் கூடத்தில் அவர்களை வரவழைப்போம். லேத் கூட வேண்டாம். இரண்டு வி பிளாக், நாலு வளைந்த கம்பி, சாக்குக்கட்டி, ஒரு டயல் போதும். கம்பியும் டயலும் நான் கொண்டுவருகிறேன். "இதில் நேர்க்கோடு எங்கே ஓடுகிறது, காட்டு பார்க்கலாம்" என்று பிள்ளைகளிடம் கொடுப்போம். நம் தமிழிலேயே சொல்லிக் கொடுக்கலாம். அதனால் மொழிக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

வெட்டுகிறவனுக்குத்தான் கூலி, பார்க்கிறவனுக்கு இல்லை என்ற கணக்கு நீடிக்கும் வரை, பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டே போவார்கள். இன்னும் பத்து வருஷத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் இருக்காது. செயற்குழு அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துக்கொள்ளும் என்று நம்புகிறேன். அன்பர்கள் மாறுபட்ட கருத்து இருந்தாலும் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.